பிழைக்கு இடம் விட்டுத் தேர்ந்தெடுப்போம்: பிளஸ் டூ மாணவரும் மாறும் வேலைச் சந்தையும்

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்த கையோடு தமிழ்நாட்டு வீடுகளில் ஒரே கேள்விதான் சுற்றிவரும்: எந்தப் படிப்புக்கு இப்போது ஸ்கோப் இருக்கிறது? கேள்வி பழையது. கேட்பவர்களின் எண்ணிக்கைதான் பெருகியிருக்கிறது. 2021–22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயது வரையிலானோருக்கான உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டளவில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். முன்பு சில குடும்பங்கள் மட்டுமே எடுத்துவந்த முடிவை இன்று ஏராளமான குடும்பங்கள் எடுக்க வேண்டியிருக்கிறது. அவற்றில் பல, கல்லூரி வாசலை முதன்முறையாக மிதிப்பவை. உறவினர், ஆசிரியர், கல்லூரி விளம்பரம், யூடியூப் ஆலோசகர் என ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். பதில்கள் வேறுபட்டாலும் அவற்றின் அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றே: நான்கு ஆண்டுகள் கழித்து வேலைச் சந்தை எப்படி இருக்கும் என்று இன்றே கணித்துவிடலாம். இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் மிகக் குறைவு என்பதே இக்கட்டுரையின் வாதம். கணிப்பு பொய்த்துப்போனால் அதைச் சரிசெய்ய எவ்வளவு பணம், எத்தனை ஆண்டுகள் ஆகும், எந்தக் கதவுகள் திறந்திருக்கும் என்று கேட்பதே மாணவருக்கு உதவும். அந்தக் கேள்விக்கு இன்றே பதில் சொல்லவும் முடியும்.

கணிப்பு ஏன் திரும்பத் திரும்பத் தவறுகிறது என்பதற்குப் பொருளியலில் நல்ல விளக்கம் உண்டு. சின்ன வெங்காயம் நல்ல விலைக்குப் போகும் பருவத்தில் விவசாயிகள் அனைவரும் அதையே நடுகிறார்கள். அறுவடை ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்து விலை சரிகிறது. அடுத்த பருவத்தில் எல்லோரும் அதைக் கைவிட, விலை மறுபடியும் ஏறுகிறது. விளைபொருள் சந்தையை விளக்க எழுந்த இந்தச் ‘சிலந்தி வலை’ மாதிரியை, ஹார்வர்டு பொருளியலாளர் ரிச்சர்ட் ஃபிரீமன் 1970களில் அமெரிக்கப் பொறியாளர்களின் சந்தைக்குப் பொருத்திக் காட்டினார். தொடக்கச் சம்பளம் உயர்ந்த ஆண்டுகளில் பொறியியலில் கூட்டம் சேர்ந்தது. அவர்கள் பட்டம் பெற்று வெளியே வந்தபோது ஆட்கள் மிகுந்து சம்பளம் தேங்கியது. அதைக் கண்ட அடுத்த அணி விலகிச் செல்ல, சில ஆண்டுகளில் பற்றாக்குறை உண்டானது. மாணவர் பார்க்கும் சம்பளம் இன்றைய சம்பளம். அவர் வாங்கப்போவது நான்கு ஆண்டுகளுக்குப் பிந்தைய சம்பளம். அந்த இரண்டுக்கும் நடுவே, அதே சம்பளத்தைப் பார்த்து அதே முடிவெடுத்த இன்னும் பல்லாயிரம் பேர் இருக்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவரின் முடிவும் நியாயமானது. எல்லா முடிவுகளும் ஒன்றுசேரும்போது அதுவே அனைவருக்கும் கேடாகிறது.

தமிழ்நாட்டின் கடந்த நாற்பது ஆண்டு வரலாற்றில் இந்த வலையைத் தெளிவாகவே காணலாம். 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சி தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழி திறந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் வளாகத்துக்கே வந்து ஆள் எடுக்கத் தொடங்கின. 2007இல் நுழைவுத்தேர்வு ரத்தாகி, கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்ற 200 மதிப்பெண் கட்-ஆஃப் முறை நிலைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் கல்லூரிகளின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியது. பிறகு இடங்கள் காலியாகக் கிடந்தன, கல்லூரிகள் மூடப்பட்டன, எஞ்சிய கல்லூரிகள் மெக்கானிக்கல், சிவில் பிரிவுகளில் இடங்களைக் குறைத்துக் கணினி சார்ந்த பிரிவுகளைப் பெருக்கின. ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்றிருந்த உச்சவரம்பை 2024–25ஆம் கல்வியாண்டு முதல் ஏ.ஐ.சி.டி.இ. தளர்த்தியதும் இந்தச் சாய்வு இன்னும் வேகம் பிடித்தது. ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களும் இதே பாதையில் புற்றீசல்போலப் பெருகிப் பின்னர் ஒவ்வொன்றாக மூடப்பட்டவைதாம். பொறியியல் பெருக்கத்தின் விளைவைச் சம்பளத்தில் பார்க்கலாம். பெரிய மென்பொருள் சேவை நிறுவனங்கள் புதிதாகச் சேரும் பட்டதாரிக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஆண்டுக்கு மூன்று லட்சம் ரூபாயை ஒட்டிக் கொடுத்தன. இன்றும் பெரும்பாலோருக்குக் கொடுப்பது மூன்றரை லட்சத்தை ஒட்டித்தான். விலைவாசியைக் கழித்தால் இது உயர்வே இல்லை. வேலை குறைந்ததால் மட்டும் இப்படி ஆகவில்லை. வாசலில் நிற்பவர்களின் வரிசை நீண்டதும் இதற்குக் காரணம்.

சாதாரண மக்கள் கணித்தால் தவறலாம், வல்லுநர்கள் கணித்தால் சரியாக இருக்குமே என்று தோன்றலாம். அவர்களின் பதிவேடும் தேறவில்லை. 2013இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்களான கார்ல் ஃபிரேயும் மைக்கேல் ஆஸ்பார்னும் அமெரிக்க வேலைகளில் 47 சதவீதம் தானியங்கிமயமாகும் அபாயத்தில் இருப்பதாக மதிப்பிட்டார்கள். உலகெங்கும் தலைப்புச் செய்தியான எண் அது. மூன்று ஆண்டுகள் கழித்து, பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்புக்காக நடந்த ஆய்வு அதே கேள்வியை வேறுவிதமாக அணுகியது: ஒரு தொழிலை முழுதாக எடுத்துக்கொள்ளாமல், அதற்குள் இருக்கும் பணிகளைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தது. கிடைத்த விடை 9 சதவீதம். 2016இல் செயற்கை நுண்ணறிவின் முன்னோடியான ஜெஃப்ரி ஹின்டன், கதிரியல் மருத்துவர்களைப் பயிற்றுவிப்பதை இப்போதே நிறுத்திவிடலாம், ஐந்தாண்டுகளில் இயந்திரம் அவர்களை விஞ்சிவிடும் என்றார். பின்னாளில் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற அந்த மேதையின் கணிப்புக்கு மாறாக, அந்த மருத்துவர்களுக்கான தேவை அமெரிக்காவில் கூடியது. படத்தைப் படிப்பது அவர்களது வேலையின் ஒரு பகுதி மட்டுமே என்பதும், ஒரு பணி மலிவாகும்போது அதற்கான தேவையே பெருகக்கூடும் என்பதும் அந்தக் கணக்கில் விடுபட்டுப்போயின. துறையை உருவாக்கியவருக்கே பிடிபடாத எதிர்காலம் கல்லூரிக் கையேட்டில் அச்சாகியிருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவைப் பற்றிய அச்சம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. அதற்கு ஆதாரமும் உண்டு. ஸ்டான்ஃபோர்டின் எரிக் பிரின்யோல்ஃப்சன் குழு 2025 ஆகஸ்டில் வெளியிட்ட ஆய்வு, இந்தத் தொழில்நுட்பத்தின் தாக்கம் மிகுந்த தொழில்களில் 22 முதல் 25 வயதினரின் வேலைவாய்ப்பு பிறரோடு ஒப்பிடுகையில் 13 சதவீதம் சரிந்திருப்பதைக் காட்டியது. அனுபவசாலிகளிடம் அத்தகைய சரிவு இல்லை. ஏணியின் முதல் படியே ஆட்டங்காண்கிறது என்பது இதன் பொருள். இந்தியாவிலோ டி.சி.எஸ். நிறுவனம் 2025 ஜூலையில் ஏறத்தாழ 2 சதவீதம் பணியாளர்களை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப்போவதாக அறிவித்தபோது, நடுத்தர, மூத்த நிலையினர்மீதே அந்த அறிவிப்பு முதன்மையாக விழுந்தது. புதியவருக்கும் நிம்மதி இல்லை, பழையவருக்கும் இல்லை. இதைப் பார்த்துவிட்டு, கணினி போகட்டும், இனி மெக்கானிக்கல், சிவில் போன்ற ‘கோர்’ துறைதான் என்று எல்லோரும் திரும்பினால் சிலந்தி வலையின் அடுத்த சுற்று தொடங்கும். உற்பத்தித் துறையும் நிலையான தரை இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் இயங்கத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. 2011இல் அதை நம்பி எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ சேர்ந்தவர் படிப்பை முடித்த ஆண்டு அதுதான். மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் கடைசிக் கார் 2022 ஜூலையில் வெளிவந்தது. அதே வட்டாரம் பிறகு ஐஃபோன் தயாரிப்பின் மையமாயிற்று. 2014இல் அதை யாரும் சொல்லியிருக்க முடியாது.

ஆகவே, கணிக்க முடியாததை விட்டுவிட்டுக் கணக்கிட முடிந்ததைக் கையில் எடுக்க வேண்டும். ஒரு தேர்வு பிழையாகிப்போனால் அதன் விலை நான்கு இனங்களில் வரும். முதலாவது பணம்: கட்டணம், விடுதிச் செலவு, கடன், அதன் வட்டி. இரண்டாவது காலம்: தடம் மாற எத்தனை ஆண்டுகள் பிடிக்கும். மூன்றாவது கதவுகள்: அந்தப் படிப்பின் முடிவில் எத்தனை மேற்படிப்புகளுக்கும் தேர்வுகளுக்கும் தகுதி கிடைக்கிறது, எவை நிரந்தரமாக மூடிக்கொள்கின்றன. நான்காவது எச்சம்: அந்தத் துறையில் வேலையே கிடைக்காவிட்டாலும் எந்தத் திறன் கையில் மிஞ்சும். இந்த நான்கையும் சேர்க்கை நாளன்றே ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். இன்னொரு நன்மையும் இதில் உண்டு. ஸ்கோப் எதற்கு என்ற கேள்விக்கு ஊருக்கெல்லாம் ஒரே பதில் கிடைப்பதால்தான் மந்தை உருவாகிறது. பிழையின் விலையோ வீட்டுக்கு வீடு வேறு. சொந்த ஊரில் அரசுக் கல்லூரி இருப்பவர், நிலத்தை அடகு வைத்துப் படிக்க வேண்டியவர், தம்பி தங்கையின் படிப்பையும் பார்க்க வேண்டியவர் ஆகிய மூவருக்கும் ஒரே விடை வராது. கேள்வியை மாற்றினாலே கூட்டம் தானாகக் கலையும்.

நான்கில் கடைசி இனத்தைக் குறித்து நல்ல ஆய்வுகள் உள்ளன. ஹார்வர்டின் டேவிட் டெமிங்கும் கடீம் நோரேயும் 2020இல் வெளியிட்ட ஆய்வில், கணினி, பொறியியல் பட்டதாரிகளுக்குப் பிறரைவிடக் கிடைக்கும் கூடுதல் ஊதியம் வேலையில் சேரும் புதிதில்தான் உச்சத்தில் இருக்கிறது என்றும், முதல் பத்தாண்டுகளில் அது பாதிக்குமேல் கரைந்துவிடுகிறது என்றும் கண்டார்கள். அத்துறைகளில் திறன்கள் வேகமாகக் காலாவதியாவதே காரணம். எரிக் ஹனுஷெக் குழு 11 நாடுகளின் தரவுகளை வைத்து 2017இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையைக் காட்டியது: தொழிற்கல்வி பெற்றவர்கள் இளமையில் எளிதாக வேலை பெறுகிறார்கள், வயது ஏற ஏற, பொதுக்கல்வி பெற்றவர்கள் அவர்களை முந்துகிறார்கள். குறிப்பிட்ட கருவி ஒன்றில் பெற்ற தேர்ச்சி முதல் வேலையை வாங்கித் தரும். கணிதம், அறிவியலின் அடிப்படை, தெளிவாக எழுதவும் பேசவும் தெரிதல் ஆகியவை மூன்றாவது, நான்காவது வேலைக்கு அழைத்துச் செல்லும். மாணவர் இரண்டையும் வேண்டுவது நியாயம். ஆனால் பட்டத்தின் பெயரில் எது இருக்க வேண்டும், பட்டத்துக்கு வெளியே குறுகிய காலப் பயிற்சியாக எதைப் பெறலாம் என்று பிரித்துப் பார்க்கலாம். அடிப்படை அறிவு விடுமுறைப் பயிற்சியில் வராது; மென்பொருள் கருவியைப் பழகுவதற்கு ஒரு விடுமுறை போதும்.

இந்த அளவுகோலைக் கலந்தாய்வுக்குக் கொண்டுபோனால் சில பழக்கங்கள் மாறும். செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல், இணையப் பாதுகாப்பு என்று சந்தை மணக்கும் பெயர்களோடு இளநிலைப் பட்டங்கள் வந்தபடி இருக்கின்றன. அதே திறன்களைக் கணினி அறிவியல், மின்னணுவியல், கணிதம், புள்ளியியல் போன்ற அடிப்படைத் துறைகளின் வழியாகவும் அடையலாம். குறுகிய பெயருக்குத் தனி அபாயம் ஒன்று உண்டு: அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, புதிய பெயர்கொண்ட பட்டம் அறிவிப்பில் கேட்ட பட்டத்துக்கு இணையானதா என்ற சிக்கல் எழுகிறது. இணையில்லை என்று அரசாணை வந்து தவித்தவர்கள் தமிழ்நாட்டில் பலர். மறுபக்கம், மதிப்புக் குறைவாகப் பார்க்கப்படும் சில பாதைகளுக்குப் பிழைவிலை மிகவும் குறைவு. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஒவ்வொரு படியிலும் நின்று சம்பாதிக்கவும் முடியும், மேலே ஏறவும் முடியும். குறைந்த கட்டணத்தில் அரசுக் கலைக் கல்லூரியில் இளநிலை முடித்தவருக்கு முதுநிலை, பி.எட்., மூன்றாண்டுச் சட்டப் படிப்பு, எம்.பி.ஏ., போட்டித் தேர்வுகள் என்று பல கதவுகள் திறந்தே இருக்கின்றன. மருத்துவம் இதற்கு நேர்மாறு. இடம் கிடைத்துவிட்டால் உறுதியான தொழில். கிடைப்பதற்காக நீட் தேர்வை மீண்டும் மீண்டும் எழுதிக் கழியும் ஆண்டுகளோ திரும்பி வராதவை. அதில் இறங்குபவர் எத்தனை முயற்சி என்ற எல்லையை முதலிலேயே வகுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வாதத்துக்கு எதிராக முதலில் எழும் கேள்வி வறுமை சார்ந்தது. அடிப்படை அறிவு, நீண்டகாலம் என்பதெல்லாம் வசதியானவர்களின் பேச்சு. ஏழை வீட்டுக்கு முதல் சம்பளம்தான் முக்கியம் என்பார்கள். இந்தக் கவலையைத் தரவுகளும் வலுவாக்குகின்றன. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2024ஆம் ஆண்டு இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022இல் இளம் பட்டதாரிகளில் வேலையின்மை 29.1 சதவீதம், எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே 3.4 சதவீதம்தான். படிப்பே வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவர் எந்தக் கூலிக்காவது அன்றே போயாக வேண்டும். பட்டதாரி வீட்டின் தோளில் சாய்ந்து காத்திருக்கிறார். அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை, 25 வயதுக்குட்பட்ட பட்டதாரிகளில் 40 சதவீதத்துக்கு மேல் இருக்கும் வேலையின்மை, 35 வயதைத் தாண்டியவர்களிடம் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்குவதைக் காட்டுகிறது. இறுதியில் ஏதோ ஒரு வேலை கிடைக்கிறது; அது படித்த படிப்புக்கு ஏற்றதா என்பது வேறு கதை. பத்தாம் வகுப்புத் தகுதியே போதுமான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு, 6,244 இடங்கள் என அறிவிக்கப்பட்ட 2024இல், 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். இந்த நீண்ட காத்திருப்பைத் தாங்க முடியாதது ஏழைக் குடும்பம்தான். எனவே பிழையின் விலையைக் கணக்கிடும் தேவை அதற்கே அதிகம். கடன் வாங்கி நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்வதைவிட, இடையிடையே சம்பாதிக்க வாய்ப்புள்ள படிக்கட்டுப் பாதை அந்த வீட்டுக்குப் பாதுகாப்பானது.

இங்கேதான் இரண்டாவது எதிர்ப்பு, இன்னும் கூர்மையானது, எழுகிறது. ஏழைப் பிள்ளைகளை ஐ.டி.ஐ.க்கும் டிப்ளமோவுக்கும் அனுப்பிவிட்டு வசதியானவர்கள் பட்டங்களை வைத்துக்கொள்வதற்கான நாகரிகமான வழியா இது? தமிழ்நாட்டில் இந்தச் சந்தேகத்துக்கு வரலாற்று நியாயம் உண்டு. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்துப் பிள்ளைகளைப் பெற்றோரின் தொழிலுக்குத் திருப்பியதால் குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டு, அடுத்த ஆண்டே காமராஜர் ஆட்சியில் கைவிடப்பட்டது. பாரம்பரியக் கைவினைஞர்களுக்கான ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தை ஏற்க மறுத்த மாநில அரசு, தன் கைவினைத் திட்டத்தில் குறைந்தபட்ச வயதை 35 ஆக்கியதும் அதே எச்சரிக்கையால்தான்: கல்லூரிக்குப் போக வேண்டிய வயதில் யாரும் தொழிலில் முடங்கிவிடக் கூடாது. இந்த எச்சரிக்கை இக்கட்டுரையின் அளவுகோலோடு முற்றிலும் பொருந்துகிறது. மேலே ஏற வழியில்லாத தொழிற்பயிற்சிக்குப் பிழைவிலை மிக அதிகம். இளமையில் கிடைத்த ஆதாயம் நடுவயதில் கரையும் என்று ஹனுஷெக் ஆய்வு சொல்வதும் அதைத்தான். நாட்டின் தொழிற்சாலைத் தொழிலாளர்களில் ஐந்தில் ஏறத்தாழ இரண்டு பேர் ஒப்பந்த அடிப்படையில் இருக்கும் நிலையில், ஒரே இயந்திரத்தை மட்டும் இயக்கக் கற்றவரின் பேரம்பேசும் வலிமை சொற்பம். எனவே தொழிற்பயிற்சியைப் பரிந்துரைப்பவர்கள் அதன் மேற்படிகளையும் சேர்த்தே பரிந்துரைக்க வேண்டும். நேரடிச் சேர்க்கைக்கான இடங்கள் ஏட்டில் இருந்தால் போதாது; கணிதத்தில் தடுமாறும் டிப்ளமோ மாணவருக்கு இணைப்பு வகுப்புகள் வேண்டும். வேலை பார்த்தபடியே பட்டம் பெறும் மாலைநேரப் படிப்புகள் ஆலைகள் இருக்கும் ஊர்களிலேயே நடக்க வேண்டும்.

மூன்றாவது எதிர்ப்பு, விருப்பத்தை இந்தக் கணக்கு புறக்கணிக்கிறது என்பது. விருப்பம் மதிப்புள்ள சான்றுதான். பிடித்த துறையில் உழைப்பவர் அடிப்படையை ஆழமாகக் கற்பார். ஆனால் நம் பள்ளி அமைப்பில் விருப்பம் உருவாக இடமே தரப்படுவதில்லை. உண்மையான தேர்வு முழுவதும் பிளஸ் டூவுக்குப் பிறகு நடப்பதில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துப் பதினைந்து வயதில் ‘குரூப்’ பிரிக்கும்போதே பாதி முடிந்துவிடுகிறது. கணிதம்–உயிரியல் குரூப்புக்கு அவ்வளவு போட்டி இருப்பதற்குக் காரணம் அது பொறியியல், மருத்துவம் இரண்டின் கதவுகளையும் திறந்து வைப்பதுதான். பெற்றோர் தம்மையறியாமலே பிழைவிலையைக் கணக்கிட்டிருக்கிறார்கள். பிளஸ் டூ முடிந்ததும்தான் அந்த அறிவைக் கைவிட்டு ஸ்கோப்பைத் தேடுகிறார்கள். நேரில் கண்டிராத தொழில்மீது பதினேழு வயதில் தோன்றும் ஈர்ப்பு மாறக்கூடியது. மாறினால் வழிவிடும் படிப்பைத் தேர்ந்தெடுப்பது விருப்பத்தை மதிக்கும் செயலே.

குடும்பம் கணக்குப் போட வேண்டுமானால் எண்கள் வேண்டும். ஓரளவு அவை பொதுவெளியில் உள்ளன. அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதங்களை வெளியிடுகிறது. என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் நிறுவனங்கள் எத்தனை பேரைச் சேர்த்தன, எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேர் வேலைக்கும் மேற்படிப்புக்கும் போனார்கள், வேலை பெற்றவர்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று அறிவிக்கின்றன. விளம்பரப் பலகையில் இருக்கும் உச்சச் சம்பளம் ஒருவருடையது. இடைநிலைச் சம்பளமே வகுப்பின் நடுவில் இருக்கும் மாணவரைப் பற்றிப் பேசும். ஆனால் இவை எல்லாம் முதல் வேலையோடு நின்றுவிடுகின்றன. 2022இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டம் லட்சக்கணக்கான மாணவர்களைத் தொடுகிறது. அவர்கள் ஐந்தாண்டு, பத்தாண்டு கழித்து எந்தத் துறையில், எந்த ஊதியத்தில் இருக்கிறார்கள் என்று கல்லூரிவாரியாக, படிப்புவாரியாகத் தொடர்ந்து அறிந்து வெளியிடும் வசதி அரசிடம் உண்டு. அப்படி ஒரு பட்டியல் வந்தால், எந்த ஆலோசகரின் சொல்லையும்விட அது குடும்பங்களுக்குப் பயன்படும். அதை அரசு செய்ய வேண்டும். அதுவரை பெற்றோரும் மாணவரும் கலந்தாய்வுக்குப் போகுமுன் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளட்டும்: இந்தத் தேர்வு பிழையானால் எவ்வளவு கடன் மிஞ்சும்? தடம் மாற எத்தனை ஆண்டுகள் ஆகும்? எந்தக் கதவுகள் திறந்திருக்கும்? கையில் என்ன திறன் இருக்கும்? இவற்றுக்கு விடை இல்லாத படிப்பில், எத்தனை ஸ்கோப் இருப்பதாகச் சொன்னாலும், பணத்தைக் கட்டாதீர்கள்.